அம்மா நின்ற வீடுகள்

என் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கிறார்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு மனசுக்குள் அவர்களைத் திட்டுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது அம்மா கொடுத்தது.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே பெரிய ஸ்பீக்கர்கள் விற்கிற கடை அது. விற்றதைக் கொண்டுபோய் ஹாலில் இறக்கி, ஒயரைச் செருகிவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். மறுநாள் அப்பா போவார். அவர் பையில் ஒரு அளவு நாடா, ஒரு நூல்கண்டு, ஆப்பு மாதிரிச் சீவிய மரத்துண்டுகள் ஏழெட்டு, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று, பழுப்பு நிற ஒட்டு நாடா. நாலு மணி நேரம் கழித்து வெளியே வருவார். அந்த நாலு மணி நேரத்தில் ஸ்பீக்கர் மொத்தமாகவே ஒரு சாண்தான் நகர்ந்திருக்கும். கடையில் அவருக்கு 'அரை அங்குலம்' என்று பெயர். அவரைக் கூப்பிடுவதே அப்படித்தான். "அரை அங்குலம் கிளம்பிட்டாரா?" என்று கடைக்காரர் எனக்கே போன் செய்வார், நான் அவர் மகள் என்பது மறந்துபோய்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா ஸ்பீக்கரைப் பார்க்கமாட்டார். நாற்காலியைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரரை அதில் உட்காரச் சொல்வார். புது ஆள் முன்னால் உட்காருகிறோம் என்று அவர் முதுகை நிமிர்த்தி உட்காருவார். அப்பா பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். வெயில், தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு. பத்து நிமிஷத்தில் மனிதர் தன்னை மறந்து சரிந்து, வழக்கமாக உட்காருகிற மாதிரி ஆகிவிடுவார். அப்போதுதான் அப்பா நாடாவை எடுத்து, தரையிலிருந்து அவர் காதுத் துளை வரைக்கும் அளப்பார். ஸ்பீக்கரில் மெல்லிய சத்தத்தைத் தருகிற சின்ன வட்டம் ஒன்று மேலே இருக்கும். அது சரியாக அந்தக் காது மட்டத்தில் நிற்கவேண்டும். பெட்டி குட்டையாக இருந்தால் முன்பக்கம் ஆப்பு வைத்து முகத்தை அண்ணாந்து பார்க்க வைப்பார். நெட்டையாக இருந்தால் பின்பக்கம் ஆப்பு. அப்புறம் நூலைக் கட்டி, இரண்டு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்குத் தூரம் பிசகாமல் சரிபார்ப்பார். ஒவ்வொரு பெட்டியையும் எவ்வளவு உள்ளே திருப்புவது என்பது கடைசி வேலை. அதற்கு நாடா உதவாது, காதுதான்.

வீட்டுக்கார அம்மாக்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சுவரோடு ஒட்டி வைத்திருந்த பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்துவிடுவார். அதன் மேல் பூஜாடி வைக்கக்கூடாது என்பார். "அப்போ பூவை உங்க தலையில வைக்கட்டுமா?" என்று ஒரு அம்மா கேட்டதாக அவரே வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பெட்டி இரண்டு. ஆனால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும். கண்ணை மூடினால் ஆள் அங்கே நிற்பது போலவே இருக்கும். இதை நான் அளந்துவிடுவதாக நினைக்கவேண்டாம். காதுகள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் சத்தம் வந்தால், மூளை தானாகவே ஒரு ஆளை நடுவில் நிறுத்திக்கொள்கிறது. பெட்டி கொஞ்சம் பிசகினாலும் ஆள் ஓரமாக நகர்ந்துவிடுவார்.

இதைச் சோதித்துப் பார்க்க அப்பா வைத்திருந்தது எங்கள் அம்மாவின் குரல்.

பாடகர்கள் குரலெல்லாம் ஸ்டூடியோவில் மெருகு போட்டது, நிஜத்தில் அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. கூடவே குடித்தனம் நடத்தின குரல் என்றால் ஏமாற்ற முடியாது. எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, ஒரு மத்தியானம் அம்மாவை மர நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு முன்னால் ஒரே ஒரு மைக்கை நிறுத்தி, "பேசு" என்றார். "என்னத்தைப் பேச?" என்பதுதான் அந்தப் பதிவில் முதல் வார்த்தை. அதற்குப் பிறகு நாலு நிமிஷம் நிறுத்தாமல் பேசியிருக்கிறாள். குழாய் ஒழுகுகிறது, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சட்டையில் பட்டன் போனால் பட்டனையும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கவேண்டாமா. மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணியெல்லாம் மாடியில் கிடக்கிறது. அப்பா அதை ஒரு சிடியில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பது நாள். அப்பா மூன்று வாரம் வீட்டில் இருந்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அந்த சிடி பையிலேயே இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்தது இப்படி. ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாடாவில் எண்ணைப் படிக்க அது வேண்டும். முகவரி கேட்டுக்கொண்டு நான் எடுத்துப் போனேன். யாரோ ஒரு டாக்டர் வீடு. கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அம்மா, "எத்தனை தடவை சொல்றது, குழாயைச் சரி பண்ணுங்கன்னு?" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம் தோன்றியதை அப்படியே சொல்கிறேன். அம்மா சாகவில்லை, எங்களை விட்டுவிட்டு வேறொரு வீட்டில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். அவள் மேல். கண்ணாடியை வாசலில் கிடந்த செருப்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். தெரு முனை வரை நடந்து, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அன்று சாயங்காலம் பெரிய சண்டை. "எந்த வீட்டுச் சுவத்துக்கு முன்னாடியோ அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துறீங்களே, உங்களுக்கு எப்படிப்பா மனசு வருது?" என்று கேட்டேன். அப்பா பையைக் கொண்டுபோய் மூலையில் வைத்தார். பிறகு, "அங்கதானே பாப்பா நிக்கிறா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பதிவை என் காது கேட்கும்படி போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பதினாறு வருஷம் காப்பாற்றவும் செய்தார்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஜன்னல் திறந்திருக்கிற வீட்டைத் தாண்டும்போது என் கால் தானாகவே வேகம் பிடிக்கும். எந்த வீட்டிலெல்லாம் அவள் நின்றிருக்கிறாள் என்று தெரியாதல்லவா? அப்பா வாய் தவறி ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் சின்னக் குழந்தை எழுந்து போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் தேடியதாம். இன்னொரு வீட்டில், ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி, அம்மா பேசப் பேச நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாராம், நடக்கிறவர்களுக்கு வழி விடுவது மாதிரி. "யாரு இந்தம்மா?" என்று கேட்டால் அப்பா என்ன சொல்வார் தெரியுமா? "தெரிஞ்சவங்கதான் சார்."

எனக்குக் கல்யாணமாகி, நாலு தெரு தள்ளி வீடு. மருந்துக்கடையில் வேலை. போன வருஷக் கடைசியில், வேலை நேரத்தில் ஸ்பீக்கர் கடைக்காரரின் போன் வந்தது.

"அம்மா, சங்கடமான விஷயம். அப்பாகிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. மூணு வீட்டுல புகார். குரல் நடுவுல வராம வலது பக்கமா ஒதுங்குதாம்."

"அரை அங்குலமா?" என்றேன் கடுப்பாக.

"அரை அங்குலம்னா நான் ஏன் கூப்பிடறேன்? ரெண்டு அடி. இந்தச் சனிக்கிழமை ஒரு மியூசிக் டீச்சர் வீடு. அவங்க காது பாம்புக் காது. அங்கயும் புகார் வந்தா, அப்புறம் அவரை என்னால அனுப்ப முடியாதும்மா. கோவிச்சுக்காதீங்க."

அன்று மாலை அப்பா வீட்டுக்குப் போய், அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். வீடு வீடாக எழுதி வைத்திருப்பார். 'காது முப்பத்தெட்டு அங்குலம். இடப்பக்கம் சாய்ந்து உட்காருவார். நடுவில், தெளிவு.' கடைசி வார்த்தைகள் அம்மாவைப் பற்றியவை. பக்கம் பக்கமாக நடுவில், தெளிவு. கடைசிப் பக்கங்களில் மட்டும் வேறு மாதிரி. 'நாடா அளவுப்படி இடது பக்கம் போகிறாள். சுவர் கோணல். சரிசெய்து நடுவுக்குக் கொண்டுவந்தேன்.' அடுத்த வீட்டுக்கும் சுவர் கோணல். அதற்கடுத்த வீட்டுக்கும். எண்ணிப் பார்த்தேன். வரிசையாகப் பதினொரு வீடு. எல்லா வீட்டிலும் அவள் அவருக்கு இடது பக்கமே போகிறாள் என்றால், மந்தமானது அவருடைய வலது காதாகத்தான் இருக்கவேண்டும்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், "ஏம்ப்பா, ஊர்ல இருக்கிற கொத்தனாரெல்லாம் சேர்ந்து பேசி வச்சுக்கிட்டா சுவரைக் கோணலா கட்டுறாங்க?" என்றேன்.

"இப்பல்லாம் யாரு ஒழுங்கா கட்டுறா?" என்றார் அவர், சர்வசாதாரணமாக.

"வலது காதைக் காட்டிட்டு வருவோமா?"

துண்டு தோளிலேயே நின்றது. "என் காதுல என்ன?" என்றார். நான் நோட்டை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அப்பா கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. வேலை போனால் போகட்டும், அறுபத்துமூன்று வயதில் வீட்டில் உட்காரட்டும் என்று நினைக்கலாம். ஆனால் அப்பா வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது. அம்மா போனபிறகு அப்பா அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அவர் அம்மாவைப் பார்ப்பதெல்லாம் அடுத்தவர் வீட்டு ஹாலில்தான். வாரத்துக்கு ஒருமுறை, நாலு நிமிஷம். வேலை நின்றால் அவள் நிற்க இடமில்லை. அவளை வெறுத்து ஓடின எனக்கே அது பொறுக்கவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, "நானும் வர்றேன்" என்றேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். "அந்த சிடியைப் போடுவேனே பாப்பா" என்றார். "போடுங்க" என்றேன்.

மியூசிக் டீச்சர் உயரமான, பருத்த பெண்மணி. தனியாக இருக்கிறவர். அறையில் நாற்காலிக்கு வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் புத்தக அலமாரி. அப்பா டீச்சரை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குச் சரிய நேரமே ஆகவில்லை, எடுத்த எடுப்பில் காலை மடக்கிச் சம்மணம் போட்டுவிட்டார். காது நாற்பத்தொரு அங்குலம். ஆப்பு, நூல், கண்ணாடி. அப்பா முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வேலை செய்வதை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியை இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடிப்பது போலப் பிடித்துத் திருப்பினார். நாடாப்படி எல்லாம் அச்சுப் பிசகாமல் அமைந்தது. பிறகு டீச்சரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து, சிடியைப் போட்டார்.

நான் சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து குரல் வெறும் சத்தமாகத்தான் கேட்டது. அப்பா கண்ணை மூடி, தலையை ஆட்டினார். எழுந்து போய் வலது பெட்டியை அரை அங்குலம் முன்னால் இழுத்தார். உட்கார்ந்தார். எழுந்தார். இடது பெட்டியை வெளிப்பக்கம் திருப்பினார். இன்னொரு அரை அங்குலம். ஏழெட்டு முறை. கடைசியில் அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு, ஆள் வந்துவிட்டது என்று தெரிந்தவர் முகம்.

"உட்காருங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் உட்கார்ந்து அரை நிமிஷம்கூடக் கேட்கவில்லை. "இந்தம்மா ஜன்னல்கிட்ட நிக்கிறாங்களே" என்றார்.

"இல்ல டீச்சர். நடுவுல நிக்கிறா."

நிக்கிறாங்க என்று சொல்லவில்லை. டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெண்கள் இப்படித்தான், ஒரு வார்த்தை போதும். அவர் சத்தமில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

"பாப்பா, நீ வந்து உட்கார்ந்து சொல்லு" என்றார் அப்பா.

உட்கார்ந்தேன். அப்பா முதலிலிருந்து போட்டார். "என்னத்தைப் பேச?" என்றாள் அம்மா, என் வலப்பக்கம், ஜன்னல் திரைக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்திருந்த உயரத்திலேயே. உடம்பெல்லாம் புல்லரித்தது. மூச்சு எடுக்கிறாள். வார்த்தைக்கு முன்னால் உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பினால் அவள் இருக்கமாட்டாள் என்று தெரியும். இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது. கை நாற்காலிப் பிடியை விடவே இல்லை.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லியிருக்கலாம். நடுவில்தான் இருக்கிறாள் என்று சொன்னால், அவர் சிரித்துக்கொண்டே பையைக் கட்டுவார். திங்கட்கிழமை கடைக்காரர் போன் செய்வார்.

"ஜன்னல்கிட்டதான்ப்பா" என்றேன்.

அவர் முழங்காலை மடக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு வீடும் அவர் மனசில் ஓடியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வலது காதைக் கையால் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். திறந்ததற்கும் மூடியதற்கும் வித்தியாசம் தேடுகிறார் என்று புரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு அவருக்குள் இருந்த தொழில்காரர் எழுந்தார். "நீ உட்கார்ந்த இடத்துலயே இரு. நான் நகத்துறேன். நீ சொல்லு" என்றார்.

"இப்ப?"

"இன்னும் ஜன்னல் பக்கம்தான்."

"இப்ப?"

"கொஞ்சம் உள்ள வந்திருக்கா."

அவர் நகர்த்த நகர்த்த அம்மா சுவரோரமாக அடி அடியாக வந்தாள். பட்டனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். கடைசி அரை அங்குலத்தில் எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கைநீட்டினால் எட்டுகிற மாதிரி. பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "வந்துட்டாப்பா" என்றேன். 

"எந்திரி. நான் பார்க்கிறேன்" என்றார்.

அவர் உட்கார்ந்தார். நான் அவர் நாற்காலிக்கு நேர் பின்னால், அவர் காது மட்டத்துக்குக் குனிந்து நின்றேன். ரிமோட் என் கையில். போட்டதும் அம்மா எனக்கு நடுவில் நின்றாள். அப்பா தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. புத்தக அலமாரியைப் பார்த்தார். ஒரே அறையில் ஒரே அம்மாவை நாங்கள் வேறு வேறு இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து எதையும் நகர்த்தவில்லை. கைகள் மடியில் கிடந்தன.

துணி மாடியில் கிடக்கிறது என்கிற வரைக்கும் வந்ததும் நிறுத்திவிடுவது அவர் வழக்கமாம். எனக்கு அது தெரியாது, ஓடவிட்டேன். "போதுமா? எந்திரிக்கட்டுமா?" என்றாள் அம்மா. பதிவுக்குள் அவள் நாற்காலி கீச்சென்று பின்னால் தள்ளப்பட்டது. காலடிச் சத்தம்.

"கொஞ்சம் இரேன்" என்றார் அப்பா, அலமாரியிடம்.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டீ போடறேன்" என்று உள்ளே போனார். அப்பா எழுந்து பெட்டிகளைச் சுற்றித் தரையில் ஒட்டு நாடாவால் அடையாளம் வைத்தார். டீ குடித்தார். "சரியா இருக்கு டீச்சர். துடைக்கும்போது நகத்திடாதீங்க" என்றார். நோட்டில் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். 'சுவர் நேர்' என்று எழுதினார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். அவரை என் இடப்பக்கம் இருத்தியிருந்தேன், வலது காது என் பக்கம் இருந்தது என்பது பாதியில்தான் உறைத்தது. எழுந்து மறுபக்கம் மாறி உட்கார்ந்து, "செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறோம்" என்றேன். சரி என்றார். "இனிமே நாடாவும் நூலும்தான். காதுக்கு வீட்டுக்காரங்களையே கேட்டுக்கிறேன். நியூஸ் வாசிக்கிற ஆள் குரல் ஒண்ணு வாங்கிப் போட்டா போதும்" என்றார். கடைக்காரருக்கு இது போதும் என்று எனக்கும் தோன்றியது.

பஸ் வருகிற நேரத்தில் பையைத் திறந்து, சிடியை எடுத்து, சட்டை நுனியால் உறையைத் துடைத்தார். என் மடியில் வைத்தார்.

"உங்களுக்கு வேணாமாப்பா?"

"நீ வச்சுக்கோ. உனக்குத்தான் அவ நடுவுல நிக்கிறா."